மூன்றாவது சிலிண்டரில் நான்தான்

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் வயிறாரத் தின்றுவிட்டு, சாம்பாரில் உப்பு குறைவு என்று குறையும் சொல்லிவிட்டு, இனிமேல் நீ எப்படித்தான் காலம் தள்ளப் போகிறாயோ என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பஸ் ஏறிப் போன மறுநாள், கல்லேரிமேட்டுப் பூவாயி கொட்டகையில் கிடந்த பழைய டிராக்டரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி இருமிப் புகை கக்கிக் கிளம்பியது, கிளம்பிய கையோடு உள்ளேயிருந்து தட்டியது. டொக் டொக், கொஞ்சம் விட்டு, டொக். புருஷன் இருந்த காலமெல்லாம் மத்தியானச் சோற்று நேரத்தில் அவள் வீட்டுக் கதவில் கேட்ட அதே தட்டு, விரலை மடக்கி முட்டியால் தட்டுகிற அதே அலட்சியம். அவள் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"யாரு?"

"நான்தான்" என்றது இன்ஜின்.

பூவாயிக்குப் பயம் வரவில்லை, மயக்கம் வரவில்லை, கண்ணீரும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. "வந்தாச்சா?" என்று சொல்லி வண்டியை அணைத்துவிட்டு, அடுப்பில் கொதிக்கிற உலையைப் பார்க்கப் போனாள்.

இந்த இடத்தில் அந்த மனிதரின் பேரைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் கட்டிக்கொண்டவள் ஒருநாளும் தன் வாயால் சொல்லாத பேரை நாம் முந்திக்கொண்டு சொல்வது நன்றாயிராது. அந்தப் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள், சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும் என்று நினைப்பு. ரேஷன் கடையில் கேட்டால் "மருதையோட அண்ணன்" என்பாள் பூவாயி. மருதை அவளுடைய கொழுந்தன். ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் நிற்பவளை முழங்கையால் இடித்து "நீ சொல்லேன்" என்பாள். இப்படி ஊர்ப் பெண்கள் எல்லாரும் வாயைக் கட்டி மிச்சம் பிடித்துக் கொடுத்த ஆயுசை ஆண்கள் எந்த லட்சணத்தில் செலவழித்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. மருதையின் அண்ணன் அதில் பாதியைக் கல்லேரிமேட்டிலும் பாதியைப் பக்கத்து ஊரான வேப்பந்திட்டிலும் செலவழித்தார். வேப்பந்திட்டில் அவருக்கு இன்னொரு வீடு இருந்தது, அந்த வீட்டில் ராஜகிளி என்று ஒருத்தி இருந்தாள். ராத்திரியெல்லாம் அங்கே, மத்தியானச் சோறு மட்டும் இங்கே. வந்து கதவைத் தட்டுவார். வந்தது யாரென்று தெரிந்தேதான் பூவாயி "யாரு?" என்று கேட்பாள். தான் சொல்லக்கூடாத பேரை அவராவது ஒருநாள் சொல்லட்டும், வாசலில் நின்று தன்னை இன்னார் என்று சொல்லிவிட்டு உள்ளே வரட்டும் என்று ஓர் அற்ப ஆசை. அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "நான்தான்" என்பார், பூமியில் நான் என்று சொல்லிக்கொள்ள வேறு ஆளே பிறக்காத மாதிரி. அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திறந்துவிடுவாள்.

அவர் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது நாலு ஏக்கர் கரிசல் காடும் இந்த டிராக்டரும்தான். புரட்டாசியில் ரெண்டு மழை விழுந்து ஈரம் காய்வதற்குள் உழுது மக்காச்சோளம் போட்டால் வருஷம் ஓடும். போடாவிட்டால் காடு மருதையின் கைக்குப் போகும். "பொம்பளையால ஆவாது அண்ணி, வாரத்துக்கு எங்கிட்ட விட்டுரு, வெளைச்சல்ல பங்கு தர்றேன்" என்று அவன் காரியத்துப் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டே சொல்லி வைத்திருந்தான். இத்தனைக்கும் அந்த வண்டியை ஓட்டி உழுதது எப்போதும் பூவாயிதான். மருதையின் அண்ணன் அதில் ஏறியதெல்லாம் வேப்பந்திட்டுக்குப் போகத்தான்.

ஆகவே அவள் டவுனில் பட்டறை வைத்திருந்த பிலவேந்திரனுக்குச் சொல்லி அனுப்பினாள். பிலவேந்திரன் வேலை தெரிந்தவர்தான், ஆனால் கையைவிட வாய் அதிகம் வேலை செய்யும். முதல் நாள் வந்தவர் வண்டியைக் கிளப்பச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு சங்கீதம் கேட்பதுபோல் தலையை ஆட்டி, "டேப்பட்டு லூசு. வேற ஒண்ணுமில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். மேல்மூடியைக் கழற்றி, வால்வைத் திறந்து மூடுகிற டேப்பட்டின் இடைவெளியைத் தகடு வைத்து அளந்து சரிசெய்து கிளப்பினார்கள். டொக் டொக், டொக். மறுபடி வந்தபோது "நாசில்தான், சத்தியமா நாசில்தான்" என்று டீசல் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து கொண்டுவந்து மாட்டினார். டொக் டொக், டொக். மூன்றாம் தடவை வந்தபோதுதான் மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக்கொண்டு இடம் இடமாக நகர்த்திக் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "உள்ள யாரோ நான்தான்ங்கிறாங்களே" என்றார்.

"ஆமா" என்றாள் பூவாயி. "அவரு குரலுதான்."

"சரி, அது அவரு பாடு. தட்டுறது எந்த சிலிண்டருன்னு பாப்போம்" என்றார் பிலவேந்திரன். அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் நாலு தலைகள் முளைத்திருந்தன. அதில் ஒன்று மருதையின் தலை.

வண்டி மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, அவர் ஸ்பேனரை எடுத்து முதல் சிலிண்டருக்குப் போகிற டீசல் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். டீசல் வெளியே கசிந்தது, அந்த சிலிண்டர் வேலை செய்வதை நிறுத்தியது, வண்டி நொண்டியது, ஆனால் தட்டல் அப்படியே இருந்தது. நட்டை இறுக்கிவிட்டு இரண்டாவதைத் தளர்த்தினார். அப்போதும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தியதும் தட்டல் அமுங்கியது, கூடவே "நான்தா" என்று சொல்ல வந்த வார்த்தை பாதியில் அறுந்தது. நட்டை இறுக்கினார். "ன்" என்று மிச்சம் வந்தது.

"மூணாவதுலதான் இருக்காரு" என்றார் பிலவேந்திரன். பிறகு அடியில் படுத்து ஆயிலைக் கொஞ்சம் கையில் பிடித்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். கன்னங்கரேலென்ற ஆயிலுக்குள் மினுக்கு மினுக்கு என்று உலோகத் தூள். "இந்த ஆயிலு எப்ப மாத்துனது?"

"அவரு ஊத்துவாரு. மாத்த மாட்டாரு."

"நல்ல மனுசன். மூணாவது ராடு பேரிங்கு தேஞ்சு போச்சும்மா பூவாயி. ராடு ஆடுது, கிராங்குல போய் அடிக்குது. எறக்கிப் புதுசு போடணும். அதுவரைக்கும் ஓட்டாத. ஓட்டுனியானா ஒருநாள் ராடு முறிஞ்சு பிளாக்கைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துரும்."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மருதை ஒரே தாவலில் இந்தப் பக்கம் வந்தான். "வெளிய வந்துருவாரா? அண்ணன் வெளிய வந்துருவாரா?"

"வரும். வர்றது அண்ணனா இருக்காது, இரும்பா இருக்கும்" என்றார் பிலவேந்திரன். பாதி வாக்கியத்தோடு மருதை கேட்பதை நிறுத்திவிட்டான். சாவியை உருவி, அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, "அண்ணன் வெளிய வர்ற வரைக்கும் வண்டி எம் பொறுப்பு. யாரும் ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வரப்படாது" என்றான். பிலவேந்திரன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு, பைத்தியம் பிடித்த ஊரில் பேரிங் மாற்றிப் புண்ணியமில்லை என்று முணுமுணுத்தபடி மொபெட்டில் ஏறிப் போய்விட்டார்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், சோறு தண்ணி மாதிரி எடுத்துக்கொண்டது. இறந்த மனிதர் இன்ஜினுக்குள் உட்கார்ந்து பேசுகிறாரே, இது எப்படி என்று ஒரே ஒரு ஆள்கூட வியக்கவில்லை. இதனால் நமக்கு என்ன என்றுதான் எல்லாரும் யோசித்தார்கள். மருதை வாசலில் சாமியானா போட்டான், ஸ்டியரிங்கில் மாவிலைத் தோரணம் கட்டினான், பானெட்டைத் தூக்கி மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தான். முதல் ரெண்டு சிலிண்டரும் என்ன பாவம் செய்தனவோ, அவற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலமானால் சாவியை அரைஞாணிலிருந்து அவிழ்த்து வண்டியைக் கிளப்புவான், ஒலிபெருக்கியின் மைக்கை இன்ஜினுக்குப் பக்கத்தில் கட்டிவிடுவான், ஜனங்கள் வரிசையில் வந்து ஒவ்வொருத்தராக "யாரு?" என்று கேட்பார்கள், வண்டி ஒவ்வொருத்தருக்கும் "நான்தான்" என்று சொல்லும், அவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்புவார்கள். ஒருத்தி அது தன் அப்பன் குரல் என்றாள், ஒருத்தன் அது வளைகுடாவுக்குப் போய்த் தொலைந்த தன் தம்பி என்றான், கோவில் பூசாரி கொஞ்சமும் கூசாமல் அது குலதெய்வம் என்றார். நான்தான் என்று சொன்ன ஒரே வார்த்தையில் ஊரில் செத்தவர்கள் எல்லாரும் இடம் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் காணாமல்போன தன் ஆட்டைத் திருடியது யாரென்று கேட்டான், நான்தான் என்றது வண்டி. களவு போனது போனதுதான், ஆனாலும் ஒப்புக்கொண்ட பெருந்தன்மையை ஊரே பாராட்டியது. அடுத்த பஞ்சாயத்துத் தலைவர் யாரென்று ஒரு கட்சிக்காரர் கேட்டார், அதற்கும் நான்தான் என்றது. அன்று முதல் டிராக்டரைத் தேர்தலில் நிறுத்தலாமா, நிறுத்தினால் வேட்புமனுவில் கைநாட்டு வைக்குமா என்று டீக்கடையில் விடிய விடியப் பேசினார்கள், இருக்கிற தலைவரைவிட இது தேவலை என்று ஒரு கட்சியும் சேர்ந்தது.

ஒவ்வொரு சாயங்காலமும் தட்டல் கொஞ்சம் கனத்துக்கொண்டே போனது. டொக் என்றிருந்தது டங் என்றானது. ஜனங்கள் அதைக் கேட்டு, "இன்னிக்கு நல்லா கணீர்னு பேசுறாரு" என்று பூரித்துப் போனார்கள். பூவாயி மட்டும் ஆயில் அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தன் வருஷச் சோறு சாமியானாவுக்குக் கீழே பொடிப்பொடியாக ஆயிலில் கரைவதை அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. வேறு வண்டி கேட்டுப் போனாள். ஊரில் டிராக்டர் வைத்திருந்த மற்ற ரெண்டு பேரும், புருஷன் இருக்கும்போது அவர் சம்மதமில்லாமல் அவர் காட்டில் எப்படி இறங்குவது, மருதையைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். மருதையைக் கேட்டால் அண்ணனைக் கேட்க வேண்டும் என்றான். அண்ணனைக் கேட்டால் நான்தான் என்றார்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஊர்ப் பெண்கள் கூட்டமாகத் தாம்பாளம் ஏந்திக்கொண்டு பூவாயி வீட்டுக்கு வந்தார்கள். தாம்பாளத்தில் மல்லிகைப் பூ, குங்குமம், கண்ணாடி வளையல். முன்னால் வந்தவள் மருதையின் பெண்சாதி, பூவாயிக்கு ஓரகத்தி. பதினாறாம் நாள் காரியத்தில் பூவாயியின் தலையிலிருந்த பூவைப் பிய்த்து எறிந்தவளும், வளையலை அம்மிக்குழவியில் தட்டி உடைத்தவளும் அவள்தான். மற்றவர்கள் சுற்றி நின்று ஒப்பாரி வைத்தவர்கள். இப்போது அதே கைகளில் தாம்பாளம்.

"புருசன் உள்ள உக்காந்து பேசிக்கிட்டு இருக்கையில நீ இப்புடி மூளியா நிக்கிறது ஊருக்கு ஆகாதுக்கா" என்றாள் ஓரகத்தி. "வச்சுக்க."

"உனக்கு வெக்கமா இல்லையாடி?" என்று கேட்டாள் பூவாயி.

"எதுக்கு வெக்கம்?" என்றாள் ஓரகத்தி. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. பூவாயியைப் பிடித்து உட்கார வைத்து, தலையில் பூவைச் சூட்டி, நெற்றியில் குங்குமத்தை அப்பி, எலும்பு நோக வளையலை ஏற்றி, குலவையும் போட்டுவிட்டுப் போனார்கள். பூ வாசனையாகத்தான் இருந்தது. அந்த வாசனை தனக்குப் பிடித்திருந்ததில் பூவாயிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் கோவில் மந்தைத் திடலில் கூட்டம் கூடியது. மருதை எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு பேசினான். "அண்ணி பூ வச்சிருக்கு, பொட்டு வச்சிருக்கு. எல்லாரும் பாருங்க. அப்பிடின்னா அண்ணன் இருக்காரு. அண்ணன் இருக்கையில காடும் வண்டியும் அண்ணனோடது, அண்ணிக்கு எப்புடிப் பாத்தியமாகும்? அவருக்குக் கை காலு இல்ல, அதனால தம்பி நான் பாத்துக்கறேன். அண்ணி சோத்துக்கு நான் குறை வைக்கமாட்டேன்."

பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருத்தர் மட்டும் சந்தேகம் கேட்பவர் போல முன்னால் குனிந்தார். "உள்ள இருக்கிறது உன் புருசந்தானான்னு நீதான் சொல்லணும் பூவாயி. யாரு அது, பேரைச் சொல்லு."

மந்தையே சிரித்தது. சொல்லமாட்டாள் என்று தெரிந்து கேட்ட கேள்வி. பூவாயி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். புரட்டாசி பிறந்து மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் மழை அன்று விழுந்தது.

ரெண்டாம் மழை விழுந்த மறுநாள் சாயங்காலம், வரிசையின் கடைசியில் முக்காடு போட்ட ஒருத்தி நின்றாள். ராஜகிளி. கல்லேரிமேட்டுக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. எல்லாரும் அடையாளம் கண்டுகொண்டு, காணாதவர்கள் மாதிரி நடித்து, காதை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் முறை வந்தபோது மைக்கைத் தள்ளிவிட்டு, இன்ஜினுக்குப் பக்கத்தில் குனிந்து, "யாரு?" என்றாள்.

"நான்தான்."

ராஜகிளி நிமிர்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாருக்கும் பிடிபடவில்லை. வரிசையைவிட்டு விலகி நேராகப் பூவாயி நின்ற அடுப்படி வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க்கா, இங்கயும் இப்பிடித்தான் தட்டுவாரா? ரெண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒண்ணு?"

"ஆமா."

"இங்கயும் நான்தான்னுதான் சொல்லுவாரா?"

"வேற என்னத்தைச் சொன்னாரு?"

"எனக்கு மட்டும்தான் அப்பிடித் தட்டுறாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்க்கா. அந்தத் தட்டு எனக்குன்னே உள்ள தட்டுன்னு" என்றாள் ராஜகிளி. "நானும் தெரிஞ்சுக்கிட்டேதான் யாருன்னு கேப்பேன். பேரைச் சொல்லட்டும்னு."

பூவாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். இத்தனை வருஷமும் யாரை நினைத்துப் பல்லைக் கடித்தாளோ அவள் இப்படி, தன்னைப் போலவே கை காய்த்து, தன்னைப் போலவே ஏமாந்து, சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பூவாயிக்கு அவள் மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே வற்றிவிட்டது. வற்றியதெல்லாம் சாமியானா பக்கம் திரும்பியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரிசையை ரெண்டு கையாலும் விலக்கிக்கொண்டு டிராக்டரை நோக்கி நடந்தாள்.

மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது. அதை அவள் தள்ளவில்லை.

"யாரு?" என்றாள்.

"நான்தான்" என்றது வண்டி. ஊர் முழுக்கக் கேட்டது.

"என்ன வேணும்?"

இத்தனை நாளும் ஆடு கேட்டார்கள், தேர்தல் கேட்டார்கள், அப்பனைக் கேட்டார்கள், ஆத்தாளைக் கேட்டார்கள். உள்ளே இருந்து தட்டுகிறவனிடம் உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. வண்டிக்கும் அது புதிதாகத்தான் இருந்திருக்கும். டங் டங் என்று கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, "கதவைத் தொற" என்றது.

"தொறக்கிறேன்" என்றாள் பூவாயி. "எப்பயும் தொறந்தேன்ல, இப்பயும் தொறக்கிறேன். பேரைச் சொல்லு."

"நான்தான்."

"நான்தான்னா? ஊருல எல்லாருந்தான் நான்தான். இந்தா நிக்கிறானே உன் தம்பி, அவனும் நான்தான். அந்தா அடுப்படி வாசல்ல நிக்கிறாளே, அவ வீட்டுலயும் நான்தான். உனக்கு அப்பனாத்தா வச்ச பேரு ஒண்ணு இருக்குல்ல? அதைச் சொல்லிட்டு வெளிய வா."

"நான்தான், நான்தான்" என்றது வண்டி. மிரட்டலாக ஆரம்பித்தது சிணுங்கலாக முடிந்தது. மைக் அதையும் ஊர் முழுக்கக் கொண்டுபோனது.

"நீ சொல்லமாட்ட" என்றாள் பூவாயி. "கேட்டுக்க. அங்கமுத்து."

யாரோ ஒருத்தி வாயில் அடித்துக்கொண்டாள்.

"அங்கமுத்து" என்றாள் மறுபடியும், இந்தத் தடவை வாய்க்கு ருசியாக, ஒவ்வொரு எழுத்தாக. "ஏய், அங்கமுத்து."

குரல் நின்றது. தட்டல் நிற்கவில்லை. டங் டங் டங் என்று இடைவெளியே இல்லாமல், எந்தக் கதவையும் தட்டாமல், எந்த வார்த்தையும் இல்லாமல், வெறும் இரும்பு இரும்பின் மேல் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஆயில் முள் அடிமட்டத்தில் கிடந்தது. பூவாயி எட்டி ஸ்டாப் கம்பியை இழுத்தாள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அடங்கியது.

"கொன்னுட்டாளே!" என்று ஓரகத்தி அலறினாள். "புருசன் பேரைச் சொல்லிக் கொன்னுட்டாளே, பாவி!" அலறிய வேகத்தில் ஓடிவந்து, பழக்கத்தில் பூவாயியின் தலைப்பூவைப் பிய்க்கக் கையை நீட்டினாள். பூவாயி அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

"ஒரு தலையில எத்தனை தடவைடி புடுங்குவ? வச்சது இருக்கட்டும்." பிறகு மருதையின் பக்கம் திரும்பினாள். "நல்லா கேட்டுக்க மருதை. உங்கண்ணன் அன்னிக்கே செத்திருந்தா வண்டி அன்னிக்கே எனக்கு. இல்ல, இப்ப நான் பேரைச் சொல்லித்தான் செத்தாருன்னா, வண்டி இப்ப எனக்கு. எது உனக்குத் தோதோ அதை வச்சுக்க. சாவியைக் குடு."

மருதை பெரியவர்களைப் பார்த்தான். பெரியவர்கள் விரல்விட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் மாதிரி வானத்தைப் பார்த்தார்கள். எந்தப் பக்கமிருந்து போட்டாலும் கணக்கு ஒரே இடத்துக்குத்தான் வந்தது. மருதை எல்லார் முன்னாலும் வேட்டியை நெகிழ்த்தி, அரைஞாண் முடிச்சோடு வெகுநேரம் மல்லுக்கட்டி, சாவியை அவிழ்த்துக் கொடுத்தான்.

பிலவேந்திரன் விடிந்ததும் வந்தார். அடியில் படுத்து ஆயிலை வடித்து, ஆயில் நிற்கிற அடித்தொட்டியான சம்பைக் கழற்றி, மூன்றாவது ராடைப் பிரித்தார். உள்ளே யாரும் இல்லை. தேய்ந்துபோன பேரிங் ரெண்டு துண்டாகக் கையில் வந்தது, ஒவ்வொன்றும் உடைந்த வளையலில் பாதி மாதிரி, வெள்ளைப் பூச்சு போய்ச் செம்பு தெரிய. "இவ்வளவுதான் ஆளு" என்று அதைப் பூவாயி கையில் போட்டார். அவள் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, தகர டப்பாவில் கிடந்த பழைய நட்டு போல்ட்டுகளோடு வீசினாள். ராடு மாட்டியிருக்கிற கிராங்குத் தண்டிலும் கீறல் விழுந்திருந்தது. இன்ஜினை முழுசாகப் பிரித்துத் தண்டை எடுத்து, டவுனில் லேத்துப் பட்டறையில் கொடுத்துத் தேய்த்து, அதற்குத் தக்க பேரிங் போட வேண்டும் என்றார். அவர் எடுத்துக் கொடுத்த தண்டைச் சாக்கில் சுற்றி, பூவாயி ஒரு முனையும் ராஜகிளி ஒரு முனையுமாகத் தூக்கி டவுன் பஸ்ஸில் ஏற்றினார்கள். சாக்குக்குள் என்ன என்று கண்டக்டர் கேட்டார். "எங்க வீட்டுக்காரரு" என்றாள் ராஜகிளி. பூவாயி சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

லேத்துக்காரரை உட்கார விடாமல் வேலை வாங்கி, திரும்பக் கொண்டுவந்து மாட்டி, புது ஆயில் ஊற்றிக் கிளப்பியபோது வண்டி தட்டவில்லை. கம்பெனியிலிருந்து புதுசாக வந்த நாள் மாதிரி ஓடியது. ஊர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஏமாந்த முகத்தோடு கலைந்து போனது. டிராக்டரை நம்பித் துண்டு போட்டுவைத்திருந்த கட்சி அன்றோடு கலைந்தது, இருக்கிற தலைவரே பரவாயில்லை என்று ஆனது. மழை இன்னும் ஒன்று இறங்கி ஈரத்தை நிறுத்தி வைத்திருந்தது. பூவாயி நாலு ஏக்கரையும் உழுது மக்காச்சோளம் போட்டாள். வாடிய பூவை எடுத்துப் போட்டாள், மறுநாள் தானே போய் ஒரு முழம் வாங்கி வைத்துக்கொண்டாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை, கேட்டால் என்ன பேரைச் சொல்வாளோ என்று பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கல்லேரிமேட்டுப் பெண்களுக்கு அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு காது கெட்டுப்போய்விட்டது. கதவைத் தட்டி "நான்தான்" என்று சொன்னால் யாருக்கும் கேட்பதில்லை. வெயிலில் வந்த ஆண்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே நின்று, அக்கம்பக்கம் பார்த்து, தங்கள் பேரைத் தாங்களே சொல்லிப் பழகினார்கள். சிலருக்கு அது வாயில் வரவே ரெண்டு நாள் ஆனது, ஒருவர் பேரோடு சேர்த்துத் தகப்பன் பேரையும் சொல்லித் தொலைத்தார். ஓரகத்திகூடக் கதவுக்குப் பின்னால் நின்று "யாரு?" என்று ரெண்டு தடவை கேட்பதாகப் பேச்சு.

சோளம் முழங்கால் உயரம் வந்திருந்த ஒரு மத்தியானம், பூவாயி சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. டொக் டொக், கொஞ்சம் விட்டு, டொக். குடும்பத்துக்கே ஒரே தட்டு.

"யாரு?" என்றாள்.

"நான்தான்" என்றது வெளியே மருதையின் குரல்.

அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். வெளியே வெயில் கொளுத்தியது. செருப்பு இல்லாத கால் ஒன்றை மாற்றி ஒன்று தூக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணி, எங் காட்டுல ஒரு சால் உழுது ஓட்ட வண்டி கேட்டு வந்தேன்."

அவள் குழம்பை விட்டுப் பிசைந்தாள்.

"மருதை" என்றான் கடைசியில், யாரோ தெரியாத ஆளின் பேரைச் சொல்வதுபோல மெதுவாக. "நான் மருதை வந்திருக்கேன்."

பூவாயி மிச்சச் சோற்றையும் தின்று, தட்டைக் கழுவிக் கவிழ்த்து, கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.